தொலைவிலிருந்து இயக்கும் கணினி: ரவுட்டர் வழி இணைப்பில் நேரும் தடைகளும் அவற்றை அறியும் முறையும்

ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், மண்ணின் ஈரத்தையும் காற்றின் வெப்பத்தையும் இரவும் பகலும் அளந்து பதிவு செய்யும் கருவி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அக்கருவியுடன் ஒரு கணினி பிணைக்கப்பட்டுள்ளது. அளவுகளைச் சேகரிப்பதும், கருவியை அவ்வப்போது திருத்தி அமைப்பதும் அக்கணினியின் வாயிலாகவே நடைபெறுகின்றன. ஆராய்ச்சியாளரோ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் தம் இல்லத்தில் இருக்கிறார். அளவுகள் ஒழுங்காகப் பதிவாகின்றனவா என்று நள்ளிரவில் அவருக்கு ஐயம் தோன்றினால், வண்டி பிடித்துப் பயணம் புறப்பட வேண்டியதில்லை. தம் வீட்டுக் கணினியின் திரையிலேயே நிலையத்துக் கணினியின் திரையைக் கண்டு, அங்கு அமர்ந்திருப்பவர் போலவே வேலை செய்யலாம். இவ்வசதி ‘ரிமோட் டெஸ்க்டாப்’ எனப்படும். தமிழில் இதனைத் தொலைமேசை எனலாம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபொழுது, அலுவலகங்களும் ஆய்வுக்கூடங்களும் இவ்வசதியின் அருமையை நன்கு உணர்ந்தன. அதனை அமைக்க முற்பட்டோர் பலரும் ஓர் இடையூற்றையும் உணர்ந்தனர். ஒரே கட்டடத்தினுள் செம்மையாக இயங்கும் இணைப்பு, வெளியிலிருந்து முயன்றதும் ‘இணைக்க இயலவில்லை’ என்னும் ஒற்றைச் சொற்றொடருடன் நின்றுவிடுகின்றது. அவ்வொற்றைச் சொற்றொடருக்குப் பின்னே பத்துக்கு மேற்பட்ட காரணங்கள் மறைந்திருக்கக்கூடும். காரணத்தை அறியாதார் அகப்பட்ட காப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கின்றனர். இணைப்பும் ஒருவாறு கிடைத்துவிடுகின்றது; அதனுடன் பேராபத்தும் உள்ளே நுழைகின்றது. ஆகவே, இவ்விணைப்பு எவ்வாறு இயங்குகின்றது, அது எங்கெங்கே தடைப்படும், தடையை முறைப்படி கண்டறிவது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

இணைப்பின் இயல்பு

தொலைமேசையின் தத்துவம் எளியது. நாம் இங்குத் தட்டும் எழுத்துகளும், சுட்டியின் அசைவுகளும் தொலைவிலுள்ள கணினிக்குச் செல்கின்றன. அங்குத் திரையில் நேரும் மாற்றங்கள் நம்மிடம் திரும்பி வருகின்றன. கணக்கீடுகள் யாவும் தொலைவிலேயே நிகழ்கின்றன. நம் முன் இருப்பது அதன் திரையும் விசைப்பலகையும் மட்டுமே எனலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் தன் விண்டோஸ் என்.டி. மென்பொருளின் தனிப் பதிப்பு ஒன்றில் இம்முறையை வெளியிட்டது; 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் வாயிலாக அது தனிப்பட்டோரின் மேசைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இணையத்தில் செய்திகள் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்கின்றன. ஒவ்வொரு பொதியின்மீதும் அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவரின் ஐ.பி. முகவரிகளும் பொறிக்கப்பட்டிருக்கும். முகவரி மட்டும் போதாது. ஒரே கணினியில் பல பணிகள் ஒருங்கே நடைபெறுவதால், பொதி எப்பணிக்குரியது என்பதை உணர்த்த வேறோர் எண்ணும் வேண்டும். இதனைப் ‘போர்ட்’ என்பர். நாம் வாயில் எண் எனக் கொள்வோம். இவ்வெண் 65,535 வரை அமையலாம். வலைப்பக்கங்களுக்கு 80, 443 என்பனவும், தொலைமேசைக்கு 3389 என்பதும் வழக்கமான வாயில்கள். தொலைவிலுள்ள கணினி 3389-ஆம் வாயிலில் செவி சாய்த்துக் காத்திருக்கின்றது. நாம் அவ்வாயிலைத் தட்டியதும் அது விடை பகர்கின்றது. பிறகே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன.

முகவரிப் பஞ்சம்

இணையத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி இருந்திருந்தால் இக்கதை இங்கேயே முடிந்திருக்கும். 1981-இல் வகுக்கப்பட்ட முகவரி முறை, நான்காம் பதிப்பு எனப்படுவது, 32 இருமக் குறிகளால் ஆனது. அதனால் கிடைக்கும் முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அக்காலத்தில் இவ்வெண்ணிக்கை எல்லையற்றதாகத் தோன்றியது. ஆயின், இணையம் பெருகிய வேகத்தில், அது போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெளிவாயிற்று. உலகப் பொது இருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் நாள் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன.

இப்பஞ்சத்தைச் சமாளிக்க 1994-இல் எஜவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஒரு வழியை வரைந்தளித்தனர். ஓர் இல்லத்திலோ அலுவலகத்திலோ உள்ள கணினிகள் தமக்குள் தனி முகவரிகளை வைத்துக்கொள்ளட்டும். வெளியுலகிற்கு அவை யாவும் ஒரே பொது முகவரியுடன் தோற்றமளிக்கட்டும் என்பதே அவ்வழி. தனி முகவரிகளுக்காக 1996-இல் மூன்று தொகுதிகள் ஒதுக்கி உறுதி செய்யப்பட்டன. 10 என்று தொடங்குவன ஒரு தொகுதி, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன மற்றொன்று, 192.168 என்று தொடங்குவன மூன்றாவது. நம் வீடுகளிலுள்ள கணினிகளுக்கு 192.168.1.50 என்பது போன்ற முகவரி அமைந்திருப்பதன் காரணம் இதுவே. இதே முகவரி பிறிதொரு நகரில், பிறிதொரு வீட்டிலும் இருக்கும். ஆதலின் வெளியிலிருந்து இம்முகவரிக்குப் பொதி அனுப்புதல் இயலாது.

தபால் எழுத்தரின் பதிவேடு

உள்முகவரியையும் பொதுமுகவரியையும் மாற்றித் தரும் வேலையைச் செய்வது ரவுட்டர். அதன் செயலை ஒரு பெரிய அலுவலகத்தின் தபால் எழுத்தரின் செயலுக்கு ஒப்பிடலாம். அலுவலகத்தில் நூறு அறைகள் உண்டு. வெளியாருக்குத் தெரிந்த முகவரியோ ஒன்றுதான். 50-ஆம் அறையிலிருந்து ஒரு கடிதம் வெளியே செல்லும்பொழுது, எழுத்தர் அதன்மீது அலுவலக முகவரியையும் ஒரு குறிப்பெண்ணையும் இட்டு, ‘இக்குறிப்பெண் 50-ஆம் அறைக்குரியது’ என்று தம் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். மறுமொழி அக்குறிப்பெண்ணைத் தாங்கி வருகின்றது. எழுத்தர் பதிவேட்டைப் பார்த்து அதனை உரிய அறையிற் சேர்க்கிறார்.

ஆனால் உள்ளிருந்து ஒருவரும் எழுதாதபோது, வெளியிலிருந்து தானாக ஒரு கடிதம் வந்தால் யாது நிகழும்? பதிவேட்டில் குறிப்பில்லை, எந்த அறைக்குரியதென்று எழுத்தருக்குத் தெரியாது. அவர் அதனைக் குப்பைக்கூடையில் இட்டுவிடுகிறார். தொலைமேசை இணைப்பு இத்தகைய அழையாக் கடிதமே. வீட்டிலிருக்கும் ஆராய்ச்சியாளர் நிலையத்தின் பொதுமுகவரியைத் தட்டுகிறார்; நிலையத்து ரவுட்டர் அதனை ஏற்பதில்லை. ரவுட்டர் பழுதுபட்டதன்று, தன் கடமையைச் செவ்வனே செய்கின்றது.

எழுத்தருக்கு நிலையாணை ஒன்று பிறப்பித்தால் இத்தடை நீங்கும். ‘3389 என்று குறித்து வரும் கடிதங்கள் யாவற்றையும் 50-ஆம் அறைக்கு அனுப்புக’ என்பதே அவ்வாணை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இது ‘போர்ட் பார்வர்டிங்’ என்னும் பெயரில் காணப்படும். ஒரு வெளி வாயிலுக்கு ஓர் அறையையே குறிக்கலாம். இரண்டாவது கணினி ஒன்றும் உளதாயின், அதற்கு 3390 போன்ற வேறு வெளி வாயிலை ஒதுக்கி, உள்ளே அதன் 3389-க்கு அனுப்புமாறு ஆணையிட வேண்டும். இணைப்போரும் முகவரியின் இறுதியில் அவ்வெண்ணைச் சேர்த்து எழுத வேண்டும்.

அருகிலிருந்து தொடங்குக

பழுதறிதலின் முதல் விதி, அருகிலிருந்து தொலைவிற்குச் செல்லுதல். இரண்டாம் விதி, ஒருகாலத்தில் ஒன்றையே மாற்றுதல். ஐந்து அமைப்புகளை ஒருங்கே மாற்றியபின் இணைப்புக் கிடைத்தால், அவற்றுள் எது மருந்து, எது நஞ்சு என்று பிரித்தறிய இயலாமற் போகும்.

முதற்கண், இயக்கப்பட வேண்டிய கணினியிடமே செல்க. அதில் தொலைமேசை வசதி இயக்கப்பட்டுள்ளதா? விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பு பிற கணினிகளுடன் இணையுமேயன்றித் தான் பிறரால் இயக்கப்பட இடந்தராது. ‘புரோ’ முதலிய பதிப்புகளே அதற்குரியன. கணினி சிறிது நேரம் வாளாவிருந்தால் உறங்கிவிடுமாறு அமைக்கப்பட்டுள்ளதா? உறங்கும் கணினி கதவைத் திறவாது. ‘நெட்ஸ்டாட்’ என்னும் கட்டளையை இட்டால், 3389-ஆம் வாயிலில் கணினி காத்திருக்கின்றதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, அதே கட்டடத்திலுள்ள மற்றொரு கணினியிலிருந்து உள்முகவரியைக் கொண்டு இணைத்துப் பார்க்க. இங்கேயே இணைப்புக் கிடைக்காவிடின், ரவுட்டரைப் பழித்துப் பயனில்லை. பெரும்பாலும் கணினியின் பயர்வால் எனப்படும் காப்பரணே தடையாக இருக்கும். விண்டோஸ், தான் சேர்ந்திருக்கும் வலையைத் ‘தனியார் வலை’ அல்லது ‘பொது வலை’ என வகைப்படுத்தி, வகைக்கேற்ப வேறு வேறு விதிகளைக் கையாள்கின்றது. அலுவலக வலை தவறாகப் பொது வலையெனக் குறிக்கப்பட்டிருந்தால், அனுமதி இருந்தும் இல்லாதது போலாகும். உரிய வகையைத் திருத்துக. தொலைமேசைக்குரிய விதியை மட்டும் அனுமதிக்க. காப்பரணையே முற்றிலும் நீக்குதல் கூடாது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. ‘பிங்’ கட்டளைக்கு விடை வராமையைக் கொண்டு கணினி இயங்கவில்லை என்று முடிவு கட்டலாகாது. விண்டோஸின் காப்பரண் அவ்வினாவுக்கு இயல்பாகவே விடையளிப்பதில்லை. வாயிலைத் தட்டிப் பார்ப்பதே சான்றாகும்.

உள்ளே இணைப்புச் செம்மையாக இருந்து, வெளியிலிருந்து மட்டும் கிடைக்கவில்லையாயின், ரவுட்டரின் நிலையாணையை நோக்குக. ஆணையிற் கண்ட உள்முகவரி இன்றும் அதே கணினிக்குரியதா? ரவுட்டர் தன் வலையிலுள்ள கணினிகளுக்கு முகவரிகளைத் தவணை முறையில் வழங்குகின்றது. மின்சாரம் நின்று வந்தபின் நேற்று 50 என முடிந்த முகவரி இன்று 53 என மாறியிருக்கலாம். நிலையாணையோ பழைய அறைக்கே கடிதங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். நேற்றுவரை இயங்கிய இணைப்பு இன்று காரணமின்றி நின்றதாகக் கூறுவோரின் தொல்லைக்கு மிகப் பெரும்பாலும் இதுவே அடிப்படை. கணினியின் வலையட்டை எண்ணைக் குறித்து, அதற்கு இன்ன முகவரிதான் என்று ரவுட்டரிலேயே ஒதுக்கீடு செய்துவிட்டால் இக்குறை மீண்டும் தலைகாட்டாது.

உள்ளே இயங்கி வெளியே நிற்பதற்கு மற்றொரு நுட்பமான காரணமும் உண்டு. கணினிக்கு முகவரியைக் கையால் எழுதி அமைத்தோர், வெளிவழி முகவரியை, அஃதாவது ரவுட்டரின் உள்முகவரியை, எழுத மறந்திருக்கலாம். அல்லது பிழையாக எழுதியிருக்கலாம். அப்பொழுது பக்கத்து அறையினருடன் உரையாடக் கணினிக்குத் தடையில்லை. வெளியிலிருந்து வரும் பொதியும் உள்ளே வந்து சேரும். ஆனால் விடையை எவ்வழியே அனுப்புவது என்பது கணினிக்குத் தெரியாது. கேட்பவருக்கு நீண்ட மௌனமே பயனாகும்.

சோதனையை எங்கிருந்து செய்வது என்பதிலும் கவனம் தேவை. கட்டடத்தின் உள்ளேயே இருந்துகொண்டு பொதுமுகவரியைத் தட்டிப் பார்ப்பது தகாது. உள்ளிருந்து புறப்பட்டுத் தன்னிடமே திரும்பும் பொதியைக் கையாள எல்லா ரவுட்டர்களுக்கும் தெரியாது. அதனால் நல்ல நிலையிலுள்ள அமைப்பும் பழுதுபட்டது போலத் தோன்றும். கைப்பேசியின் தரவு இணைப்பைக் கொண்டு வெளியிலிருந்தே சோதிக்க வேண்டும்.

மௌனமும் மறுப்பும்

தட்டிய வாயிலிலிருந்து வரும் பதில் இருவகைப்படும். ஒன்று, உடனடி மறுப்பு. மற்றொன்று, பல நொடிகள் காத்தபின்னும் யாதொரு பதிலுமில்லாத மௌனம். இரண்டையும் ‘இணைக்க இயலவில்லை’ என்றே திரை கூறினும், ஆய்வோனுக்கு இவற்றின் வேறுபாடு பெருந்துணை புரிகின்றது. மறுப்பு வந்ததெனில், நம் பொதி ஏதோவொரு சாதனத்தைச் சென்றடைந்தது என்பது உறுதி. அங்கே அவ்வாயிலில் காத்திருப்போர் ஒருவருமிலர். மௌனமெனில், பொதி வழியில் எங்கோ கைவிடப்பட்டது. அல்லது விடை திரும்பி வர வழியில்லை. ரவுட்டரில் ஆணை இன்மை, காப்பரணின் தடை, கணினியின் உறக்கம், தவறான முகவரி, வெளிவழி முகவரிப் பிழை ஆகியவை மௌனத்தின் காரணங்கள்.

கடவுச்சொல் கேட்கும் நிலை வரை வந்துவிட்டால், ரவுட்டர் தன் கடமையை நிறைவேற்றிவிட்டது என்றே பொருள். அதற்கப்பால் நேரும் மறுப்புகளுக்குக் காரணம் வேறு. கடவுச்சொல்லே அமைக்காத கணக்கைத் தொலைவிலிருந்து பயன்படுத்த விண்டோஸ் இயல்பாக இடந்தருவதில்லை. கணினியின்முன் அமர்ந்து திறக்கும் ‘பின்’ என்னும் குற்றெண் தொலைமேசைக்குப் பயன்படாது. முழுக் கடவுச்சொல்லே வேண்டும். அக்கணக்கு நிர்வாகியுடையது அன்றாயின், தொலைமேசைப் பயனாளர் குழுவில் சேர்க்கப்பட்டிருத்தலும் வேண்டும். 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், அடையாளச் சரிபார்ப்பு முறையில் காணப்பட்ட குறையொன்றை நீக்கும் திருத்தம் நடைமுறைக்கு வந்தபொழுது, ஒரு முனை மட்டும் திருத்தம் பெற்றிருந்த பல இணைப்புகள் ஒரே நாளில் நின்றுபோயின. இரு முனைகளையும் புதுப்பித்தலே அதற்குத் தக்க பரிகாரமாயிற்று.

எழுத்தருக்கு மேல் ஓர் எழுத்தர்

மேற்கூறிய யாவும் ஒழுங்காக இருந்தும் மௌனம் நீடிப்பதுண்டு. அப்பொழுது ஓர் எளிய ஒப்பீட்டைச் செய்க. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் அதன் வெளிமுகவரி காட்டப்படும். அதனைக் குறித்துக்கொள்க. பிறகு, உள்ளிருந்து இணையத்தில் நம் முகவரியைக் காட்டும் தளமொன்றைத் திறந்து, அங்குத் தெரியும் முகவரியுடன் ஒப்பிடுக. இரண்டும் ஒன்றாயின், ரவுட்டரிடம் பொதுமுகவரி உளது. வேறாயின், நம் ரவுட்டருக்கு மேலே வேறொரு முகவரி மாற்றுச் சாதனம் அமர்ந்திருக்கின்றது.

அது நம் கட்டடத்திலேயே இருக்கலாம். சேவை நிறுவனம் தந்த மோடம் தானே ஒரு ரவுட்டராக இயங்க, அதன் பின்னே நாம் வாங்கிய ரவுட்டரையும் இணைத்திருந்தால், இரண்டு எழுத்தர்கள் அடுத்தடுத்து அமர்ந்திருப்பது போலாகும். நிலையாணை இரண்டாமவரிடம் மட்டுமே உள்ளது. முதலாமவரோ கடிதத்தை வாசலிலேயே கைவிடுகிறார். முதலாவதை வெறும் பாலமாக இயங்குமாறு அமைத்தல் நலம்.

அன்றி, மேலிருக்கும் எழுத்தர் சேவை நிறுவனத்தின் கூடத்திலேயே இருத்தலும் கூடும். முகவரிப் பஞ்சத்தால், சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொதுமுகவரியின் கீழ்க் கொணர்கின்றன. இதற்கெனவே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் வெளிமுகவரி இவ்வெல்லைக்குள் அமைந்திருந்தால், நாம் நம் ரவுட்டரில் எத்தனை ஆணை பிறப்பித்தாலும் பயனில்லை. மேலுள்ள எழுத்தர் நம் ஆணைக்குட்பட்டவரல்லர். நாட்கணக்கில் ரவுட்டரைத் திருத்தித் திருத்திச் சோர்ந்தோர் பலர், இவ்வொப்பீட்டைச் செய்திருந்தால் ஐந்து நிமிடங்களில் உண்மையை உணர்ந்திருப்பர். நிறுவனத்திடம் நிலையான பொதுமுகவரியைக் கோரிப் பெறுதல் ஒரு வழி. பின்னர்க் கூறப்போகும் மறைவழி மற்றொன்று.

பொதுமுகவரி இருப்பினும் அது நாள்தோறும் மாறக்கூடும். மாறுந்தோறும் புதிய முகவரியை ஒரு நிலையான பெயருடன் பிணைத்து அறிவிக்கும் சேவைகள் உள்ளன. அவை பெரும்பாலான ரவுட்டர்களில் அமைக்கத்தக்கவை.

இணைந்தபின் அறுபடுதல்

கடவுச்சொல் ஏற்கப்பட்டு, திரை கருமையாகத் தோன்றி, அவ்வாறே உறைந்துவிடும் நோய் ஒன்றுண்டு. சிறு பொதிகள் செல்ல, பெரும் பொதிகள் வழியில் மாய்தலே இதன் காரணமாக இருக்கலாம். ஈதர்நெட் வலையில் ஒரு பொதியின் உச்ச அளவு 1,500 பைட். அகல அலைவரிசை இணைப்புகள் சிலவற்றில் வழங்கும் பி.பி.பி.ஓ.ஈ. முறை இதில் 8 பைட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொள்வதால் 1,492 மட்டுமே எஞ்சும். அளவு மீறிய பொதி வந்தால், ‘சிறிதாக்கி அனுப்புக’ என்று வழியிலுள்ள சாதனம் அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்பைக் காப்பரண் ஏதேனும் தடுத்துவிட்டால், அனுப்புநர் மீண்டும் மீண்டும் பெரிய பொதியையே அனுப்பி ஏமாறுவார். பிங் கட்டளையில், பொதியைப் பிளக்கலாகாது என்னும் குறிப்புடன் 1,472 பைட் சுமையை அனுப்பிப் பார்க்க. தலைப்புகளுக்குரிய 28 பைட்டைச் சேர்க்க 1,500 ஆகும். அது செல்லாது, 1,464 பைட் சென்றால், எல்லை 1,492 என்பது தெளிவு. அதற்கேற்ப ரவுட்டரில் அளவைக் குறைத்தமைத்தால் திரை உயிர் பெறும்.

சிறிது நேரம் கைவிட்டிருந்தால் இணைப்பு அறுபடுவதும் உண்டு. எழுத்தரின் பதிவேட்டுக்குப் பக்கங்கள் வரையறுக்கப்பட்டவை. நெடுநேரம் அசைவற்றிருக்கும் பதிவுகளை அவர் நீக்கிவிடுகிறார். நிலைபெற்ற இணைப்பின் பதிவை 2 மணி 4 நிமிடங்களுக்கு முன் நீக்கலாகாது என்று 2008-இல் வெளியான நெறி வகுக்கின்றது. ஆயினும் எல்லாச் சாதனங்களும் அதனைப் பின்பற்றுவதில்லை. இடையிடையே உயிர்க்குறிப்புப் பொதிகளை அனுப்புமாறு அமைத்தல் இதற்குப் பரிகாரம்.

திறந்த வாயிலின் ஆபத்து

இனி, இன்றியமையாத செய்திக்கு வருவோம். நிலையாணை பிறப்பித்த கணத்தில், 3389-ஆம் வாயில் ஆராய்ச்சியாளருக்கு மட்டுமன்றி உலகனைத்திற்கும் திறந்துவிடுகின்றது. இணையத்தின் முகவரிகள் அனைத்தையும் இடைவிடாது தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் பல உள. அவை திறந்த வாயிலைக் கண்டதும் கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயல்கின்றன. வெளி வாயில் எண்ணை மாற்றி வைத்தால் தட்டுவோர் தொகை சிறிது குறையும்; பாதுகாப்புக் கிட்டாது.

2019 மே 14-ஆம் நாள் மைக்ரோசாப்ட் வெளியிட்ட அறிவிப்பு இவ்வகையில் நினைவிற்கொள்ளத்தக்கது. ‘புளூகீப்’ எனப் பெயர் பெற்ற அக்குறைபாட்டின் வழியே, கடவுச்சொல் ஏதுமின்றியே ஒருவன் பழைய விண்டோஸ் கணினியைக் கைப்பற்ற இயலும் நிலை இருந்தது. ஆபத்தின் பெருமை கருதி, 2014-லேயே ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்.பி. பதிப்பிற்கும் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ‘சாம்சாம்’ என்னும் பிணைப்பணம் பறிக்கும் மென்பொருளை ஏவிய கூட்டத்தினர் தொலைமேசை வாயிலைப் பயன்படுத்தி நிறுவனங்களுக்குள் நுழைந்ததாக அமெரிக்க அரசு 2018 டிசம்பரில் எச்சரித்தது. கருவிகளுடன் பிணைந்த கணினிகள் பல பழைய மென்பொருளுடனேயே ஆண்டுக்கணக்கில் இயங்குவன என்பதை ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுவோர் அறிவர். நாம் எடுத்துக்கொண்ட நிலையத்தில், பல பருவங்களின் அளவுகள் அக்கணினி ஒன்றிலேயே இருந்து, அவை ஓர் இரவில் பூட்டப்பட்டால், கடந்துபோன மழைக்காலத்தை மீண்டும் அளந்து பெற எக்கருவியாலும் இயலாது.

‘கணக்குப் பூட்டப்பட்டுள்ளது’ என்னும் செய்தி திரையில் தோன்றினால், அதனை வெறும் இடையூறாகக் கருதலாகாது. உரியவர் தவறிழைக்காதபோது கணக்குப் பூட்டப்பட்டதெனில், வேறெவரோ பலமுறை முயன்றுள்ளனர் என்பதே பொருள். விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4625 என்னும் எண்ணுடன் தோல்வியுற்ற முயற்சிகள் குறிக்கப்படுகின்றன. அங்கே அறியாத முகவரிகள் வரிசையாகக் காணப்படின், நிலையாணையை உடனே நீக்குக. ஊடுருவல் நேர்ந்தது தெரியவந்தால், 2022 ஏப்ரல் 28-ஆம் நாளிட்ட ஆணைப்படி, அதற்குட்பட்ட நிறுவனங்கள் 6 மணி நேரத்திற்குள் இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அமைப்புக்கு அறிவித்தல் வேண்டும்.

தக்க வழி

வாயிலைத் திறவாமலே உள்ளே செல்லும் முறை மறைவழி எனத்தக்க வி.பி.என். ஆகும். வீட்டுக் கணினிக்கும் நிலையத்து வலைக்கும் இடையே மறைக்குறியிட்ட குழாய் ஒன்று அமைக்கப்படுகின்றது. உரிய திறவுகோல் இல்லாதவர்க்கு அக்குழாயின் முகப்பு விடை பகராது. குழாய் அமைந்தபின், ஆராய்ச்சியாளரின் கணினி நிலையத்தின் உள்ளேயே இருப்பது போலாகி, 192.168.1.50 என்னும் உள்முகவரியையே நேராகத் தட்டலாம். ரவுட்டர்கள் பல இவ்வசதியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவகத்தின் 5.6-ஆம் பதிப்புடன் சேர்க்கப்பட்ட ‘வயர்கார்ட்’ என்னும் முறை சிறிய சாதனங்களிலும் விரைந்து இயங்குவது. பொதுமுகவரி கிடைக்காத இடங்களில், இரு முனைகளும் பொதுமுகவரியுடைய இடைநிலைக் கணினி ஒன்றை நோக்கி உள்ளிருந்து வெளியே குழாய் அமைத்துக்கொள்ளலாம். வெளியே செல்லும் கடிதத்தை எந்த எழுத்தரும் தடுப்பதில்லை அன்றோ?

பழுதறியும் வரிசை இங்கும் மாறுவதில்லை. குழாய் அமைந்ததா என்பதை முதலிலும், அதனூடே உள்முகவரி எட்டுகின்றதா என்பதை அடுத்தும், தொலைமேசை விடை தருகின்றதா என்பதை இறுதியிலும் நோக்க வேண்டும். குழாயின் உறை இடம்பிடிப்பதால் பொதியின் அளவு மேலும் குறையும். வயர்கார்ட் இயல்பாக 1,420 பைட் அளவையே கைக்கொள்கின்றது.

128 இருமக் குறிகளைக் கொண்ட ஆறாம் பதிப்பு முகவரிமுறை பரவுந்தோறும் முகவரிப் பஞ்சம் தணிந்துவருகின்றது. இந்தியாவில் அதன் பயன்பாடு பெரிதும் வளர்ந்துள்ளது. அம்முறையில் ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பொதுமுகவரி அமையலாமாதலால், எழுத்தரின் பதிவேடு தேவைப்படாது போகலாம். அப்பொழுது அழையாக் கடிதங்களைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் காப்பரணையே சாரும். ஆகவே காப்பரணை நீக்கி இணைப்பைப் பெறும் பழக்கத்தை இன்றே கைவிடுதல் வேண்டும்.

தடை எங்குள்ளது என்று முதலில் அறிந்து, அத்தடையை மட்டும் நீக்கி, மற்றைக் காப்புகளை இருந்தவாறே விட்டுவைப்பதே பழுதுநீக்கம் எனப்படும். நிலையத்துக் கணினிக்கு அருகே, அதன் உள்முகவரி, ரவுட்டரின் ஒதுக்கீடு, குழாயின் அமைப்பு, கடைசியாகச் செய்த மாற்றம், அதன் நாள் ஆகியவற்றைக் குறித்த ஒரு சிறு ஏடு இருக்கட்டும். நள்ளிரவில் திரை இருண்டுபோகும்பொழுது, ஆராய்ச்சியாளருக்கும் அவருக்குப்பின் வருவோருக்கும் முதல் துணை அவ்வேடே ஆகும்.